ஆயிரத்து எழுநூறா, ஆயிரத்து நானூறா

பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை பேச்சுக்கு வரச் சொல்லி நேற்று உனக்கு போன் செய்தேன். "சரிப்பா, காலைல மொத பஸ்ஸ புடிச்சி வந்துர்றேன்" என்றாய். உன் புருஷன் வீட்டிலிருந்து நாலு பேர், நம் பக்கம் நாலு பேர், நடுவில் நீ. அந்த வீட்டுக்கு நீ திரும்பிப் போவதா வேண்டாமா என்பதை உன் வாயால் கேட்டுத்தான் முடிவு செய்வோம் என்று சொன்னேன். சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தவன் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா வந்து, "இன்னாங்க, பொண்ணு வரேன்னுச்சா?" என்றாள். தலையை ஆட்டினேன். நீ பஸ் ஏறுவதற்குள் இது உன் ஹாஸ்டலுக்கு வந்து சேர வேண்டும் என்று கூரியரில் அனுப்புகிறேன். கூடவே உன் பழைய நோட்டு ஒன்றும், நாலாக மடித்த ஒரு தாளும் இருக்கும். முதலில் இதைப் படி. அவற்றைப் பிறகு பிரித்துக்கொள்.

அந்த நோட்டு எது என்று அட்டையைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். நீ கல்லூரியில் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். இரண்டாயிரத்து இரண்டு. வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்க வேண்டும் என்று ஆறு மாதமாகக் கேட்டாய். "வெளையாட மட்டும் இல்லப்பா. கேமை எப்பிடி செய்றாங்கனு கத்துக்கணும். அதுக்கு மொதல்ல அது ஒழுங்கா ஓடுற மிஷின் வேணும்." பெண் பிள்ளைக்குக் கேம் எதற்கு என்று என் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, அலுவலகத்தில் பேசுகிற தோரணையில், "எந்த பிராசசர் போடலாம்னு நீயே ரெண்ட ஒப்பிட்டு எழுதிக் குடும்மா. அதைப் பாத்துத்தான் வாங்கப்போறேன்" என்றேன். உன் முகம் அப்போது இருந்த இருப்பை நான் பிறகு பார்க்கவே இல்லை. கல்யாணத்தன்றுகூட இல்லை.

நீ இரண்டு வாரம் சைக்கிளில் அலைந்தாய். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம், வெளிநாட்டுக்காரர்கள் வந்து உட்காரும் பிரவுசிங் சென்டர் ஒன்றில் ஆயிரத்து நானூறு மெகாஹெர்ட்ஸ் மிஷின் இருந்தது. வேங்கிக்காலில் ஒரு கம்ப்யூட்டர் கிளாஸில் வேறு கம்பெனியின் ஆயிரத்து எழுநூறு இருந்தது. ஊருக்கு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போனாய். அம்மாவின் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு போய், ஒரே வேலையை இரண்டிலும் செய்து பார்த்து, எத்தனை நொடி ஆகிறது என்று குறித்தாய். நாற்பது பக்கக் கடிதத்தைத் திறப்பது, கட்டம் போட்ட பட்டியலில் கூட்டல் போடுவது, சினிமாப் படத்தைச் சுருக்கி வைப்பது, கார் ரேஸ் விளையாட்டில் பத்து வண்டி ஒரே வளைவில் திரும்பும்போது படம் திக்குகிறதா என்று பார்ப்பது. படம் காட்டும் கார்டு இரண்டு மிஷினிலும் ஒரே வகைதானா என்று கடைக்காரர்களிடம் கேட்டு உறுதி செய்துகொண்டதைக்கூட ஓரத்தில் எழுதியிருக்கிறாய். இருபது வருஷ சர்வீஸில் நான் அப்படி ஒரு ஒப்பீடு செய்ததில்லை.

ஒரு நாள் சாப்பிடும்போது எனக்குப் புரியவைக்கப் பார்த்தாய். "நீ நம்பர மட்டும் பாக்காதப்பா. மலை சுத்துறப்ப நீ நிமிஷத்துக்கு நூறு அடி வெக்கிற, நான் எம்பது அடிதான் வெக்கிறேன். ஆனா என் அடி பெருசு. யாரு மொதல்ல வீட்டுக்கு வர்றாங்க? இந்த நம்பரு எத்தனை அடினு மட்டும்தான் சொல்லுது. ஒரு அடிக்கு எவ்ளோ தூரம்னு சொல்லல." நான் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ஜாஸ்தி ஜாஸ்திதான்ம்மா, கம்மி கம்மிதான்" என்றேன். நீ சிரித்தாய். நான் வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தாய்.

நோட்டை என்னிடம் கொடுத்தபோது நான் நாலு பக்கம் புரட்டினேன். அன்றாட வேலைக்கு இரண்டுக்கும் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் இல்லை என்று நேர்மையாக எழுதியிருந்தாய். படத்தைச் சுருக்குவதில் ஆயிரத்து எழுநூறுதான் முந்துகிறது என்பதையும் மறைக்கவில்லை. விளையாட்டில் ஆயிரத்து நானூறு நன்றாகவே முந்துகிறது, ஆனால் சூடு ஜாஸ்தி, பெரிய ஃபேன் வேண்டும், சத்தம் போடும், நம் ஊர் சித்திரை வெயிலில் மிஷினைச் சுவரோரம் ஒட்டி வைக்கக் கூடாது என்று அதன் குறைகளையும் ஒரு பக்கம் எழுதியிருந்தாய். எனக்கு அந்த ஒரு பக்கம் போதுமாக இருந்தது. "நீயே எழுதியிருக்க பாரும்மா, சூடு ஆவும்னு. வீட்டுல எலக்ட்ரிக் சாமான் சூடாகலாமா? உன் படிப்புக்கு ஆயிரத்து எழுநூறே போதும்" என்றேன். நீ விரும்பியதற்கு எதிராக உன் எழுத்தையே எடுத்துக் காட்டினேன். நீ நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "முழுசும் படிச்சியாப்பா?" என்று கேட்டாய். படித்தேன் என்றேன்.

தேரடித் தெருவில் அந்த மாடிக் கடைக்கு நாம் போனது உனக்கு நினைவிருக்கும். நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தாய். கடைக்காரரிடம் இன்னும் ஒரு தடவை பேசிப் பார்க்கலாம் என்று நம்பியிருப்பாய் போல. படியேறியதும் அந்த ஆள் மனசு நிறையச் சிரித்து, "வாங்க சார். பாக்ஸ் வந்து இருவது நாளாச்சி. எப்ப வந்து எடுப்பீங்கனு பாத்துனே இருக்கேன்" என்றான். மூலையில் அட்டைப் பெட்டி நின்றது. அதன் மேல் தடித்த மையில் என் பெயர், "ஆபீஸ் சார்" என்று அடைப்புக்குறிக்குள், கீழே தேதி. நீ நோட்டை எழுத ஆரம்பித்த நாளுக்கு முந்தின வாரத்துத் தேதி. நீ அதைப் படித்ததை நான் பார்த்தேன். குனிந்து பெட்டியின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினாய், நான் மறுமுனையைப் பிடித்தேன். ஆட்டோவில் வரும்போது மட்டும், தெருவைப் பார்த்துக்கொண்டே, "அப்பவே சொல்லியிருக்கலாம்ல. நான் சைக்கிள்ல அலைஞ்சிருக்க மாட்டேன்" என்றாய்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் எனக்கே சொல்லத் தெரிந்திருக்காது. என் அலுவலகத்துக்குச் சாமான் போடுகிற கடை அது. அந்த ஆள் ஒரு நாள் என் மேஜைக்கு வந்து, "புது மாடல் சார், ஆயிரத்து எழுநூறு. உங்க ஆபீஸ்ல யார் வீட்லயும் இல்ல" என்றான். பக்கத்து நாற்காலிக்காரர் வீட்டில் ஆயிரம்தான் இருந்தது. அவர் காதில் விழும்படி எனக்கு எடுத்து வை என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான் விஷயம். உன் இரண்டு வார உழைப்பு தோற்றது அந்த அற்ப ஆசையிடம்தான். வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

ஆனால் முடிவு செய்த பிறகு உன்னை எழுதச் சொன்னேனே, அதற்குக் காரணம் வேறு. அது என் தொழில் எனக்குப் பழக்கிவிட்ட புத்தி. மாவட்டம் பிரித்த புதிதில், எண்பத்தொன்பதில், உனக்கு நாலு வயதாக இருக்கும்போது வேலையில் சேர்ந்தேன். எந்த அலுவலகம் என்பது உனக்குத் தெரியும், இங்கே எழுத வேண்டாம். ஃபேன், நாற்காலி, பீரோ எது வாங்கினாலும் மூன்று கடையில் கொட்டேஷன் வாங்கி, கட்டம் போட்டு, பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பிட்டுப் பட்டியல் தயாரிக்க வேண்டும். அந்தப் பட்டியல் என் வேலை. ஆனால் எந்தக் கடை என்பது முதலிலேயே முடிவாகியிருக்கும். முடிவான கடைக்காரனே மற்ற இரண்டு கடைகளின் லெட்டர்பேடிலும் எழுதிக் கொண்டுவருவான். அவற்றுக்கு சப்போர்ட் கொட்டேஷன் என்று பெயர். தோற்பதற்கென்றே வருகிற தாள்கள். மூன்றையும் பரிசீலித்ததில் என்று நான் முத்து முத்தாக எழுதுவேன். கேட்டோம், ஒப்பிட்டோம், முடிவெடுத்தோம் என்று ஃபைலில் இருக்க வேண்டும். இருந்தால் யாரும் எதுவும் கேட்க முடியாது.

இதையெல்லாம் உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த ஆயிரத்து எழுநூறில் நாலு வருஷம் என் பட்டியல்களை டைப் அடித்துக் கொடுத்தவளே நீதான். கேம் ஒன்றுகூட நீ அதில் ஏற்றவில்லை. நான் கவனித்தேன். கேட்கவில்லை. ஒரு தடவை மூன்று கொட்டேஷனையும் மேஜையில் பரப்பி வைத்து, "மூணும் ஒரே ஆளு கையெழுத்தா இருக்கேப்பா" என்றாய். நான் பெருமையாகச் சிரித்து, சப்போர்ட் கொட்டேஷன் என்றால் என்ன என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். நீ அந்த இரண்டு தாளையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். "பாவம்" என்றாய். யாரைச் சொன்னாய் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

இனி எழுதப் போவது கஷ்டமானது. உன் சித்தப்பா கீழ்பென்னாத்தூரிலிருந்து இரண்டு போட்டோ கொண்டுவந்தான். ஒன்று இப்போது உனக்குப் புருஷனாக இருப்பவன், இன்னொன்று சேத்துப்பட்டுப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார். இரண்டையும் உன் முன்னால் வைத்து, "நீ இன்னா சொல்றியோ அதான்ம்மா. நல்லா யோசிச்சி சொல்லு" என்றேன். நீ முதலில் கேட்டது, "ரெண்டுமே வேணாம்னா?" என்று. சித்தப்பா சிரித்தான், நானும் சிரித்தேன். "ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா." இரண்டு நாள் யோசித்தாய். வாத்தியாரைச் சொன்னாய். மறுநாள் சாயங்காலம் நான் வந்து, அந்த இடத்தில் ஜாதகம் பொருந்தவில்லையாம் என்று சொன்னேன்.

ஜாதகம் யாரும் பார்க்கவில்லை பாப்பா. அந்த வாத்தியாருக்கு வேறு இடத்தில் ஏற்கனவே நிச்சயம் ஆகியிருந்தது. சித்தப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போட்டோவை யாரிடமோ வாங்கி வந்தோம். ஒரு மாதத்துக்கு முன்னாலேயே கீழ்பென்னாத்தூரில் ஒரு காதுகுத்தில் நான் இந்த வீட்டுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். அவன் நல்லவனா என்று நான் விசாரித்ததே இல்லை. அவர்கள் வீடு பெரிது, நிலம் ஜாஸ்தி, ஆள் கட்டு ஜாஸ்தி. திரும்பவும் பெரிய நம்பரைப் பார்த்துத்தான் விழுந்தேன்.

நாலு மாதத்துக்கு முன் நீ ஒரு பையோடு வந்து வாசலில் நின்றாய். வலது கையில் இரண்டு விரலுக்குக் கட்டுப் போட்டிருந்தது. போன் பேசிக்கொண்டிருந்த உன்னை அறைக்குள் தள்ளி, விரல் நிலைச்சட்டத்தில் இருக்கும்போதே அவன் கதவைச் சாத்தினான் என்று அம்மாவிடம் சொன்னாய். என்னிடம் அதைச் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, சத்தம் போடாமல் ஒன்றே ஒன்று கேட்டாய். "அந்த ரெண்டாவது போட்டோ சப்போர்ட்டாப்பா?" நான் பேப்பர் படிப்பது போல இருந்தேன். மூன்று நாள் காத்திருந்து பார்த்துவிட்டு சென்னைக்குப் போய், ஹாஸ்டலில் தங்கி ஒரு வேலையும் தேடிக்கொண்டாய். பதில் இப்போது எழுதுகிறேன். ஆமாம்மா. சப்போர்ட்டுதான்.

இப்போது அந்தத் தாளைப் பிரித்துப் பார். ஞாயிற்றுக்கிழமை தேதி போட்டிருக்கும். இன்றைக்குச் செவ்வாய்தான் ஆகிறது. "இரு தரப்பையும் விசாரித்து, பெண்ணின் விருப்பத்தையும் கேட்டறிந்ததில், இருவரும் சேர்ந்து வாழ்வதென முடிவாயிற்று" என்று இருக்கும். என் கையெழுத்து. கீழே உன் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். கதவு விஷயம் அதில் ஒரு வரிகூட இல்லை. சித்தப்பா போன வாரம் வந்து, "அண்ணா, பொண்ண கேட்டோம்னு ஆவட்டும். சாயந்தரமே நான் வேன்ல கூட்டினுபோய் வுட்டுட்டு வந்துர்றேன். நீங்க பேப்பர மட்டும் ரெடி பண்ணிடுங்க" என்றான். வேன் சொல்லியாகிவிட்டது. அம்மா உன் புடவைகளை இஸ்திரி போட்டுப் பெட்டியில் அடுக்கிவிட்டாள். அடுக்கும்போது அழுதாள், ஆனால் அடுக்கினாள். நீ என்ன பேசினாலும் எட்டுப் பேரும் பொறுமையாகக் கேட்பார்கள். கேட்பதற்காகத்தான் கூப்பிடுகிறோம்.

ஒரு தகப்பன் இதைத் தடுக்க வேண்டாமா என்று நீ நினைப்பாய். நியாயம்தான். நானும் இந்த நாலு நாளாக என்னையே உலுக்கிப் பார்த்துவிட்டேன். எழுந்து நின்று என் பெண்ணை அனுப்பமாட்டேன் என்று சொல்கிற ஆள் எனக்குள் எங்கேயாவது இருப்பானா என்று தேடினேன். இல்லை பாப்பா. நான் வாழ்க்கையில் முடிவு எதுவும் எடுத்தவன் இல்லை. அடுத்தவர்கள் எடுத்த முடிவுக்குத் தாள் தயார் செய்தவன். உன் சித்தப்பா முகத்தைப் பார்த்தால், சம்பந்தி குரலைக் கேட்டால், என் கை தானாகப் பேனாவைத் தேடும். இந்தத் தாளை உனக்கு அனுப்பிவிட்டேன் என்று நம்பிக்கை வைத்துவிடாதே. இன்னொன்று எழுத எனக்குப் பத்து நிமிஷம் போதும். அதைத்தான் எழுதுவேன் என்றும் எனக்குத் தெரியும். ஐம்பத்தைந்து வயதில் தன்னைப் பற்றி ஒருவன் தெரிந்துகொள்ளக் கூடாத விஷயம் இது.

புத்தி சொல்ல எனக்கு அருகதை இல்லை. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் இது ஒன்றுதான் எனக்கு உள்ளிருந்து தெரிந்த வித்தை. யாராவது உன் முன்னால் இரண்டை வைத்து ஒன்றைச் சொல் என்று மரியாதையாகக் கேட்டால், உடனே பதில் சொல்லாதே. கேட்பவன் முகத்தைப் பார். அவன் ஏற்கனவே நிம்மதியாக இருந்தால் எழுந்து வந்துவிடு.

நேற்று போன் பேசிய பிறகு பரணிலிருந்து உன் நோட்டை இறக்கினேன். ஏழு வருஷம் கழித்து முதல் தடவையாக முழுவதும் படித்தேன். மத்தியானம் முழுக்கப் படித்தேன். சில இடம் புரியவில்லை, ஆனால் எந்த வரியிலும் நீ பொய் சொல்லவில்லை என்பது புரிந்தது. கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். அப்படி ஒரு பக்கம் இருப்பதே எனக்குத் தெரியாது. "அப்பா, ரெண்டுல எதுவும் உனக்குச் சரினு படலைனா இப்ப வாங்க வேணாம். நான் பிரவுசிங் சென்டர்லயே கத்துக்குறேன். எனக்கு அவசரம் இல்ல. வேணாம்னு சொல்றதும் ஒரு முடிவுதான்ப்பா" என்று எழுதி, கீழே நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாய். பதினேழு வயதுக் கையெழுத்து. முழுசும் படிச்சியாப்பா என்று நீ ஏன் கேட்டாய் என்று நேற்றுதான் தெரிந்தது.

பாப்பா, ஞாயிற்றுக்கிழமை வராதே. ஹாஸ்டலிலேயே இரு, வேலைக்குப் போ, விரல் நன்றாக ஆறட்டும். உனக்காக நான் செய்யக்கூடியது இந்தக் கடிதம் ஒன்றுதான். இதற்கு நகல் வைக்கவில்லை. நான் இதை எழுதியது அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

சனிக்கிழமை உன்னை மறுபடியும் போனில் கூப்பிடுவேன். சித்தப்பா என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். "வந்துடும்மா, நீ சொல்றதுதான் முடிவு" என்று சொல்லுவேன். குரலில் ஒரு வித்தியாசமும் தெரியாது. இந்தக் கடிதத்தை எழுதியவன்தானா பேசுவது என்று உனக்குச் சந்தேகமே வரும். அவனேதான். அப்போதும் வராதே.

அப்பா